ஞாயிற்றுக்கிழமைப் பாவம்

நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் சாயங்காலத்தில்தான் வருவார்கள். அதற்குள் நாம் துணி மாற்றி, முதுகு துடைத்து, அழுக்கு வாளியைக் கழுவிக் கவிழ்த்து, சாம்பிராணியும் போட்டு முடித்திருப்போம். வந்தவர்கள் மூக்கைச் சுருக்காமல் உட்காருவார்கள். பிளேன்டீ குடிப்பார்கள். செபமாலை சொல்வார்கள். போகும்போது என் தோளில் கை வைத்து, "ஒனக்குப் பெரிய பாக்கியம் இது, சிலுவைய சந்தோசமா தூக்கணும்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருத்தி, சிலுவைப் பாதையில் ஆண்டவரின் முகத்தைத் துடைத்தாளே, நான் அவளைப் போல என்றாள். அந்தப் புண்ணியவதி ஒரே ஒரு தடவைதான் துடைத்தாள். துடைத்த துணியில் ஆண்டவருடைய முகம் பதிந்தது. நான் விடிந்தால் துடைக்கிறேன், பொழுது சாய்ந்தால் துடைக்கிறேன், என் துணியில் பதிவது வேறு. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்போது காலம் மாறிவிட்டது. நோயாளிகளைப் பார்ப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கோயிலில் என்னையே கூப்பிடுகிறார்கள். நான் போகிறேன். போய், பாக்கியம் என்றும் சிலுவை என்றும் பேசுவதில்லை. உட்கார்ந்ததும் ஒன்றுதான் கேட்பேன். "ஞாயித்துக்கிழமை யாரு பாத்துக்கிறா?" அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

கேகாலைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டம் எங்களுடையது. நாங்கள் அங்கே வேலை செய்தோம் என்பதால் எங்களுடையது, வேறு உரிமை ஒன்றும் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் என் மாமியாருக்கு வாதம் அடித்தது. அதுவரை அவர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் வாளியோடு மலையில் இருப்பார், கத்தி பிடித்தால் மரத்துக்கு வலிக்காது என்று கங்காணியே சொல்வாராம். ஒருநாள் பேர் பதியக் காலைப் பெரட்டுக்குப் புறப்பட்டவர் வாசலிலேயே சரிந்தார். வலது கையும் காலும் போயின. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மலை வேலைப் பதிவில் என் பெயரை வெட்டச் சொல்லிவிட்டு நான் வீட்டில் இருந்துவிட்டேன்.

மாமியார் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் இரண்டும்தான். கல்யாணமாகி வந்த புதிதில் என் சமையலைப் பற்றி அவர் சொல்லாத சொல் இல்லை. படுக்கையில் விழுந்த பிறகும் ரொட்டி கல்லாக இருக்கிறது என்று கோணிய வாயால் சொல்வார். மற்றவர்களுக்கு அவர் பேச்சு விளங்காது, எனக்கு விளங்கும். அது வேறு ஒரு தண்டனை.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எல்லோரும் சைவக்காரர்கள், நாங்கள் ஒரு வீடு மட்டும் வேதக்காரர். கோயில் கீழே சந்தியில் இருந்தது. இறப்பர் காட்டுக்குள் இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஞாயிறு காலையில் பூசை சிங்களத்தில், எப்போதாவது ஒரு தமிழ்ப் பூசை. மொழி ஒரு பிரச்சினை இல்லை, எங்களுக்குச் சிங்களத்திலும் எழுந்திருக்கவும் முழங்கால்படியிடவும் தெரியும். மணி அடித்தால் லயம் வரை கேட்கும். அதுதான் பிரச்சினை.

நான் பிறந்தது குருவிட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித் தந்தவர் ஓர் உபதேசியார். கேள்வியும் பதிலுமாக எல்லாம் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை காணாமல் இருந்தால் சாவான பாவம், அந்தப் பாவத்தோடு செத்தால் நேராக நரகம், அந்தப் பாவத்தோடு பூசையில் நற்கருணை அப்பம் வாங்கினால் அது அதைவிடப் பெரிய பாவம். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். இன்னொன்றும் சொல்லித் தந்தார். சாமியாரிடம் பாவம் சொல்லும் சங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நிற்கும்போது பாவத்தை மட்டும் சொல்ல வேண்டும், சாக்குச் சொல்லக் கூடாது. ஒத்திகை பார்க்கும்போது நான், "அக்கா சொல்லித்தான் அடுத்த வீட்டுக் கொய்யாப் பழத்தப் பறிச்சேன்" என்றேன். நடு மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. "கொய்யா பறிச்சேன். அவ்வளவுதான். ஆதாம் ஏவாள் மேல பழிய போட்ட மாதிரி பேசாத" என்றார். அந்தக் குட்டை நான் மறக்கவே இல்லை. மறந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

மாமியார் விழுந்த முதல் சில மாதம் நான் பூசைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வெள்ளென எழுந்து மாமியாருக்கு எல்லாம் செய்து, தலையணை வைத்துச் சாய்த்து, கதவைச் சும்மா சாத்திவிட்டு ஓடுவேன். ஞாயிறில் லயத்தில் ஆள் இருக்காது. மழையால் பால்வெட்டு நின்ற நாட்களை ஞாயிறில் வெட்டி ஈடுகட்டுவார்கள், என் வீட்டுக்காரரும் மலைக்குப் போய்விடுவார். ஒரு ஞாயிறு நான் திரும்பி வந்தபோது மாமியார் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முகம் குப்புறக் கிடந்தார். உதடு கிழிந்து சீமெந்துத் தரையில் ரத்தம் காய்ந்திருந்தது. சேலை எல்லாம் நனைந்திருந்தது. வாளியை எட்டப் பார்த்திருக்கிறார். தூக்கி உட்கார வைத்ததும் அவர் கேட்டது, "பூச முடிஞ்சிருச்சா?"

அதற்குப் பிறகு நான் போகவில்லை. என் வீட்டுக்காரர், "சாமிக்குத் தெரியாதா நம்ம நெலம" என்றார். அவர் பாதி ஞாயிறுகளில் மலையில் நிற்கிறவர், நரகத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. தாயின் துணியை மகன் மாற்றக் கூடாது என்ற கவலை மட்டும் அவருக்கு உண்டு. அதனால் அவர் வீட்டில் இருந்த ஞாயிறுகளிலும் எனக்கு விடுதலை இல்லை.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் வெளியிலிருந்து ஒரு தமிழ்க் குருவானவர் வந்து சங்கீர்த்தனம் கேட்கிறார் என்று சொன்னார்கள். வார நாள்தான். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி அன்றைய கூலியை விட்டுவிட்டு மாமியாரிடம் உட்கார்ந்தாள், வாராவாரம் அதைக் கேட்க முடியாது. நாட்டில் சண்டை நடந்த காலம், சந்தியில் ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டான். பாவம் சொல்லப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்.

உள்ளே நான் உபதேசியார் சொல்லித் தந்தபடி சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமைப் பூசை காணவில்லை, சுவாமி." ஏன் என்று சொல்லவில்லை. தொட்டி வலையின் அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு என்னைத் தெரியாது, என் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்றும் தெரியாது. எத்தனை நாளாக என்று கேட்டார். பல மாதமாக என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உலக வேலைகளுக்காக ஆண்டவரின் நாளை விடலாமா, ஆண்டவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுக்க முடியாதா என்று கேட்டார். "இனி விடமாட்டேன்னு இப்பவே வாக்குக் குடுங்க" என்றார். கொடுத்தேன். வேறு என்ன செய்வது? பின்னால் வரிசை நின்றது.

அந்த ஞாயிறே வாக்குப் பொய்த்தது. இப்போது பூசை காணாத பாவத்தோடு ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறிய பாவமும் சேர்ந்துகொண்டது. இனி செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை இல்லாமல் சங்கீர்த்தனம் செல்லாது. அடுத்த ஞாயிறும் வீட்டில்தான் இருப்பேன் என்று தெரிந்துகொண்டே எப்படிப் பிரதிக்கினை செய்வது? ஆகவே சங்கீர்த்தனம் இல்லை. சங்கீர்த்தனம் இல்லாததால் நற்கருணை இல்லை. கதவு இப்படித்தான் மூடிக்கொண்டது. வெளியிலிருந்து யாரும் பூட்டவில்லை, நான் படித்த பாடமே பூட்டிவிட்டது.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு வருவார்கள். எங்கள் கோயில் பங்குச் சாமியார் வயதானவர், சிங்களவர். மோட்டார் சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு லயத்துக்கு ஏறுவார். நான் சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை வைத்து, இரண்டு மெழுகுதிரி கொளுத்தி, ஒரு கிளாசில் தண்ணீர் வைப்பேன். அவர் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் செபம் படிப்பார். முதல் தடவை மாமியாருக்குக் கொடுத்துவிட்டு என் பக்கமும் திரும்பினார். நான் தலையை ஆட்டி, வேண்டாம் என்றேன். காரணம் கேட்கவில்லை. அது மரியாதை என்று நினைத்திருப்பார். அடுத்த மாதத்திலிருந்து ஒன்றுதான் கொண்டுவந்தார்.

மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்று, என் வீட்டுக்குள், என் கைக்கு எட்டும் தூரத்தில் ஆண்டவர் வந்து போவதை மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடக் கணக்கில். அழுகை வரும். பிறகு அழுகையும் நின்றுபோனது, வெறும் ஆத்திரம் மிஞ்சியது.

மற்ற லயங்களிலிருந்து முதல் வெள்ளிக்கு வந்த செபக் கூட்டத்துப் பெண்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். அவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது, இது பட்டுவிடும். "அவ ஏன் நன்ம வாங்குறதில்ல? என்னமோ இருக்கு" என்று தண்ணீர்ப் பீலியடியில் பேச்சு நடந்தது. ஒருத்தி என்னிடமே வந்து, மனதில் ஏதாவது பாரம் இருந்தால் சொல்லு, நாங்கள் வேண்டிக்கொள்கிறோம் என்றாள். எனக்கு வேண்டுதல் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு இரண்டு மணி நேரம் இந்தக் கிழவியோடு உட்காருங்கள் என்று கேட்டேன். ஐயோ, எங்களுக்கும் பூசை இருக்கிறதே என்றாள்.

பக்கத்துக் காம்பராக்காரி மட்டும் ஒருநாள் அடுப்புக்கு நெருப்பு எடுக்க வந்தபோது, "ஒங்க சாமி என்னா இவ்வளவு கோவக்காரரா? எங்க சாமி இதுக்கெல்லாம் கோவிச்சுக்காது" என்றாள். நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். எங்கள் வேதத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்த அளவுகூட எனக்குத் தெரியவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

இதையெல்லாம் படுக்கையில் கிடந்தே மாமியார் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போலவே அதே பாடத்தைப் படித்தவர். ஞாயிறு மணி அடித்ததும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "என்னால ஒனக்கு நரகம்" என்பார். பேசாமல் இருங்கள் என்று அதட்டுவேன். பிறகு அவர் ஒரு வேலை தொடங்கினார். சனிக்கிழமை பகலுக்கு மேல் வாயைத் திறக்கமாட்டார். சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். முதலில் காய்ச்சல் என்று நினைத்தேன். சில வாரம் போன பிறகுதான் பிடிபட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் ஞாயிறு காலையில் துணி நனையாது, வாளி தேவைப்படாது, நான் நிம்மதியாகப் பூசைக்குப் போகலாம் என்பது அவர் எண்ணம்.

"நீங்க பட்டினி கெடந்தாலும் நான் போக மாட்டேன் மாமி. திரும்ப விழுந்தீங்கன்னா?"

"விழ மாட்டேன். அசைய மாட்டேன். நீ போ புள்ள."

"வாயத் தொறங்க."

திறக்கமாட்டார். கரண்டியைப் பல்லில் வைத்து அழுத்தியும் பார்த்திருக்கிறேன். கஞ்சி கழுத்தில் வழியும். ஒரு தடவை கோப்பையைத் தரையில் வீசினேன். சனிக்கிழமைதோறும் அந்தக் காம்பராவில் இதே சண்டைதான். அவர் என் ஆத்துமத்துக்காகப் பட்டினி கிடந்தார், நான் அவர் உடம்புக்காக நரகத்துக்குப் போகத் தயாராக இருந்தேன். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறோம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இருவருமே அடிக்கப் போயிருப்போம்.

அவர் எலும்பும் தோலுமானார். "ஆண்டவரே, என்னைய எடுத்துக்கிருங்க, இந்தப் புள்ள பூசைக்குப் போகட்டும்" என்று சத்தமாகச் செபிக்கத் தொடங்கினார். அதைக் கேட்டுக்கொண்டே நான் வெங்காயம் உரிப்பேன்.

பழைய சாமியார் மாற்றலாகிப் போய், ஓர் இளம் சாமியார் வந்தார். இவரும் சிங்களவர்தான், ஆனால் மலைநாட்டுப் பங்குகளில் இருந்து வந்தவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார். மாமியாருக்கு இனி நாளில்லை என்று தெரிந்ததும் சாவுக்கு முந்திய அவஸ்தை பூசுவதற்குச் சாமியாரிடம் ஆள் அனுப்பினோம். மத்தியானமே வந்துவிட்டார். வழக்கம்போல் மேசை, துணி, மெழுகுதிரி, தண்ணீர். தைலம் பூசி முடித்து நற்கருணையை எடுத்தார். மாமியாரால் விழுங்க முடியவில்லை என்பதைப் பார்த்து, அதில் நெல்லளவு கிள்ளி நாக்கில் வைத்து, கரண்டியில் தண்ணீர் கொடுத்தார். அது இறங்கியது. மிச்சம் அவர் விரல்களில் இருந்தது.

"இத நீங்க வாங்கிக்கிருங்க" என்றார் என்னிடம்.

நான் பின்னால் நகர்ந்தேன்.

"என்னால ஏலாது ஃபாதர். நான் சாவான பாவத்துல இருக்கேன்."

ஃபாதர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் எழுந்து வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போனார். "என்னா பாவம்?" என்று ஃபாதர் மெதுவாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரல. இவுங்க விழுந்ததுல இருந்து வரல. இனிமே வர்றேன்னு வாக்குக் குடுத்து அதையும் மீறிட்டேன்." வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாக்குச் சொன்னேன். "இவுங்கள விட்டுட்டு வர முடியாது ஃபாதர். ஆளில்ல."

அவர் நற்கருணையைத் திரும்பச் சிமிழில் வைத்தார். பிறகு, நோயாளியைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கட்டளை கட்டுப்படுத்தாது, கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்க்காரியும் நோயாளியைப் பார்க்கிறவளும் வராவிட்டால் பாவமே இல்லை, திருச்சபை எந்தக் காலத்திலும் அப்படிச் சொன்னதில்லை என்றார். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றும் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்தக் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது. எல்லாருக்கும் என்றால் யார்? எங்கள் உபதேசியாருக்குத் தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? மாதாமாதம் மலையேறி வந்தவர் ஏன் சொல்லவில்லை? பாவத்தை மட்டும் பக்கம் பக்கமாகச் சொல்லித் தந்து, விலக்கை மட்டும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்களா?

"வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

"கோவம் இருக்கு ஃபாதர். நெறைய கோவம்."

"கமக் நே" என்றார். பரவாயில்லை என்று அதை அவர் தாய்மொழியிலேயே சொன்னார். கையை உயர்த்திப் பாவமன்னிப்புக் கொடுத்தார். நான் முழங்காலில் நின்று நாக்கை நீட்டினேன். இத்தனை வருடம் ஏங்கியது அந்த நிமிடத்துக்குத்தான். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மாமியார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நற்கருணை வாங்கியதை அவர் கண்டார். இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"என்னா சொல்றாரு?"

காதருகே குனிந்து சொன்னேன். "பாவம் இல்லையாம் மாமி. நோயாளியப் பாத்துக்கிறவங்க ஞாயித்துக்கிழமை வராட்டியும் பாவம் இல்லையாம்."

அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. பிறகு கேட்டார்.

"எப்ப இருந்து?"

கன்னம் ஒட்டிப்போன முகம். பட்டினி கிடந்து கிடந்து உள்ளே போன கண்கள். எப்போதும் இல்லை மாமி, ஒருநாளும் இருந்ததில்லை, நீங்கள் சும்மா பட்டினி கிடந்தீர்கள் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"இப்பத்தான் மாமி," என்றேன். "புதுசா சட்டம் போட்டிருக்காங்களாம். இந்த மாசந்தான் வந்துச்சாம்."

ஃபாதர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மாமியார் பக்கம் குனிந்து, "ஆமா ஆச்சி, இப்பத்தான்" என்றார்.

"நல்லதாப் போச்சு" என்றார் மாமியார். சேலையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

நற்கருணை நாக்கில் முழுதாகக் கரைவதற்குள் சொன்ன பொய் அது. அதன் பிறகு எத்தனையோ தடவை சங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறேன், எத்தனையோ அற்பங்களைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.